மிஸ்ஸிங் அடிக்கும் எஞ்சின், இடிக்கும் கியர்: பழைய அம்பாசிடரில் கோளாறு கண்டுபிடிக்கும் முழு வழிகாட்டி

பழைய அம்பாசிடரோ பிரீமியர் பத்மினியோ வைத்திருப்பவர்கள் பட்டறைக்குக் கொண்டுவரும் புகார் பெரும்பாலும் ஜோடியாகத்தான் வரும்: "எஞ்சின் மிஸ் அடிக்குது, கியர் மாத்தினா இடிக்குது." (மிஸ் அடிப்பது என்றால் ஏதோ ஒரு சிலிண்டர் எரியாமல் விட்டு எஞ்சின் ஓட்டம் தடுமாறுவது.) கேட்டதும் கியர்பாக்ஸை இறக்கிவிடுவது வேலையைத் தலைகீழாகத் தொடங்குவது. கியர் இடிப்பதற்கு எஞ்சினே காரணமாக இருக்கலாம். ஆக்சிலரேட்டரை விட்ட பிறகும் எஞ்சின் வேகம் இறங்காமல் நின்றால் கியர் கரகரவென்றுதான் விழும். கிளட்ச் முழுதாக விடாவிட்டாலும், மவுண்டிங் ரப்பர் கிழிந்திருந்தாலும் அதே இடிதான். அதனால் வரிசை இதுதான்: முதலில் எஞ்சினின் உடல்நிலை, அடுத்து இக்னிஷன், அடுத்து பெட்ரோல், பிறகு கிளட்ச், லிங்கேஜ் (கியர் லீவரையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் தண்டுகள்), ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் (பின் சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் நீள்தண்டு). கியர்பாக்ஸ் கடைசி. இந்த வரிசையை மாற்றினால் ஒரு கோளாறு இன்னொன்றை மறைக்கும், பணமும் வீணாகும்.

இங்கே வரும் அளவுகள் 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின் உள்ள அம்பாசிடருக்கானவை. 1089 சி.சி. பத்மினிக்கும் சோதனை முறை இதேதான், ஃபயரிங் ஆர்டரும் (சிலிண்டர்கள் எரியும் வரிசை) அதே 1-3-4-2தான். ஆனால் பாயிண்ட் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் மின்சாரத்தைத் துண்டித்து இணைக்கும் சுவிட்ச்), டாப்பெட் (ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவில்) இடைவெளிகளை அந்த வண்டியின் கையேட்டிலிருந்து எடுங்கள். 1990களில் வந்த 1817 சி.சி. இசுசு எஞ்சின் அம்பாசிடருக்கு இந்த அளவுகள் பொருந்தாது.

சேலத்துக்காரர்களுக்கு வேறு ஊரில் எளிதில் கிடைக்காத ஒரு சோதனைச் சாலை இருக்கிறது. ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் கிடக்கிறது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். ஏறத்தாழ 30 கிலோமீட்டருக்குள், 20 கொண்டை ஊசி வளைவுகளுக்குள், காற்றழுத்தம் சுமார் 14 சதவீதம் குறைந்துவிடுகிறது. பளு, சூடு, உயரம் மூன்றும் ஒரே பயணத்தில் ஏறி இறங்குவதால், சமதரையில் ஒளிந்திருக்கும் கோளாறு மலைப்பாதையில் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் பிரேக்கும் ஸ்டியரிங்கும் சரியாக இருக்கும் வண்டியைத்தான் மேலே ஏற்ற வேண்டும். இடிக்கிற கியரோடு அடிவாரம் தாண்டாதீர்கள். கீழே செய்யவேண்டிய சோதனைகளை முடித்த பிறகுதான் மலை.

எடுத்து வைக்கவேண்டியவை

ஃபீலர் கேஜ், பிளக் ஸ்பேனர், கம்ப்ரஷன் கேஜ், மல்டிமீட்டர், இரண்டு வயர் கோத்த 12 வோல்ட் பல்பு ஒன்று, பாயிண்ட் தேய்க்க மெல்லிய அரம், காலி கண்ணாடி பாட்டில், தண்ணீர் ஸ்ப்ரே பாட்டில், சக்கரத்துக்கு வைக்க நல்ல கட்டைகள், தீயணைப்பான். வாக்குவம் கேஜ் (எஞ்சின் உறிஞ்சும் விசையை அளப்பது) இருந்தால் நல்லது. நோட்டும் பேனாவும் கட்டாயம், ஏனென்றால் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றி, மாற்றியதை எழுதி வைக்க வேண்டும். பிளக், பாயிண்ட், கண்டென்சர் (பாயிண்டில் பொறி தெறிக்காமல் காக்கும் சிறு உருளை) மூன்றையும் ஒரே நாளில் புதிதாகப் போட்டால் வண்டி சரியாகலாம், எது பழுது என்று தெரியாது. புதிதாகப் போட்டதே பழுதானது என்றால் நிலைமை இன்னும் மோசம். இப்போது கடையில் கிடைக்கும் புது கண்டென்சர்களை அப்படியே நம்பிவிடக் கூடாது. ஓடிக்கொண்டிருந்த பழையதைத் தூக்கிப்போடாமல் டிக்கியில் வையுங்கள்.

முதல் படி: எப்போது வருகிறது என்று பிரித்துக்கொள்வது

நோட்டில் எழுதுங்கள். குளிர்ந்த எஞ்சினிலா, சூடான பிறகா? ஐடிலிங்கிலா (ஆக்சிலரேட்டரைத் தொடாமல் எஞ்சின் ஓடும்போது), ஏற்றத்தில் மிதிக்கும்போதா, காலை எடுத்து இறங்கும்போதா? எல்லா கியரிலுமா, ஒரே கியரிலா? சீரான தாளத்தில் வருகிறதா, திடீர் திடீரென்று வெட்டுகிறதா?

சீரான தாளத்தில் அடிக்கும் மிஸ்ஸிங் என்றால் ஒரு குறிப்பிட்ட சிலிண்டர்தான்: பிளக், அதன் வயர், வால்வு. தாளமில்லாமல் வெட்டுவது எல்லா சிலிண்டருக்கும் பொதுவான இடத்திலிருந்து வரும்: பாயிண்ட், கண்டென்சர், காயில் (பிளக்குக்கான உயர் வோல்ட்டேஜை உண்டாக்குவது), ரோட்டார் (அதை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்துவிடுவது), பெட்ரோல் வரத்து. மின்சாரக் கோளாறு பட்டென்று அறுந்து பட்டென்று ஒட்டும். பெட்ரோல் கோளாறு திணறித் திணறி, கொஞ்சம் கொஞ்சமாக இழுவையைக் குறைத்துக்கொண்டே வரும். காது பழகிவிட்டால் இந்த ஒரு வித்தியாசமே பாதி வேலையை முடித்துவிடும்.

இரண்டாம் படி: டாப்பெட்டும் கம்ப்ரஷனும்

டியூனிங் என்று சொல்லி நேரே கார்புரேட்டரைத் திருகுபவர்கள் இந்தப் படியைத் தாண்டிவிடுகிறார்கள். வால்வு சரியாக மூடாத எஞ்சினை எந்த ஸ்க்ரூவாலும் சீராக ஓடவைக்க முடியாது.

டாப்பெட் இடைவெளி 0.015 அங்குலம், அதாவது 0.38 மி.மீ. முன்னாலிருந்து வால்வுகளுக்கு 1 முதல் 8 வரை எண் வையுங்கள். பிறகு ஒன்பது கணக்கு: எட்டாவது வால்வு முழுக்கத் திறந்து நிற்கும்போது முதலாவதைப் பாருங்கள், ஆறாவது திறந்திருக்கும்போது மூன்றாவதை, நான்காவது திறந்திருக்கும்போது ஐந்தாவதை. கூட்டினால் எப்போதும் ஒன்பது வரவேண்டும். ஃபீலர் லேசாக உரசிக்கொண்டு வெளியே வரவேண்டும். ராக்கர் நுனி குழி விழுந்திருந்தால் ஃபீலர் காட்டும் அளவு பொய், அந்தக் குழி அளவுக்கு உண்மையான இடைவெளி கூடுதலாக இருக்கும். சத்தம் வராத இறுக்கமான டாப்பெட்டைவிட லேசாகத் தட்டும் டாப்பெட் எவ்வளவோ மேல். இறுக்கமாக வைத்தால் எக்ஸாஸ்ட் வால்வு எரிந்துவிடும்.

அடுத்து கம்ப்ரஷன். எஞ்சினைச் சூடாக்கி, நான்கு பிளக்கையும் கழற்றி, காயிலின் லோ டென்ஷன் வயரை எடுத்துவிட்டு, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தபடி ஸ்டார்ட்டரை ஐந்தாறு கம்ப்ரஷன் வரும்வரை சுற்றுங்கள். நான்கு சிலிண்டருக்கும் ஒரே எண்ணிக்கை. மொத்த அளவைவிட வித்தியாசம்தான் முக்கியம்: உச்சத்துக்கும் அடிமட்டத்துக்கும் இடையே 15 பி.எஸ்.ஐ.க்குள் இருந்தால் எஞ்சின் சீராக ஓடத் தகுதியானது. ஒரு சிலிண்டர் மட்டும் குறைவாக இருந்தால் பிளக் துளை வழியாக ஒரு டீஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி எடுங்கள். அளவு நன்றாக ஏறினால் பிஸ்டன் ரிங் பழுது, ஏறாவிட்டால் வால்வு பழுது. பக்கத்துப் பக்கத்து சிலிண்டர்கள் இரண்டும் ஒருசேரக் குறைந்திருந்தால் அவற்றுக்கு நடுவில் ஹெட் கேஸ்கெட் போயிருக்கிறது.

ஏற்காட்டில் குடியிருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சேலத்தில் 130 பி.எஸ்.ஐ. காட்டும் அதே சிலிண்டர் மேலே சுமார் 112தான் காட்டும். காற்றழுத்தம் குறைவு, அவ்வளவுதான். அதைப் பார்த்து "ரிங் போச்சு" என்று எஞ்சினைப் பிரிக்கச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். வாக்குவம் கேஜும் இப்படித்தான், சேலத்தில் 18 அங்குலம் நிற்கும் முள் ஏற்காட்டில் 14ஐ ஒட்டி நிற்கும். முள் நிற்கும் இடத்தைவிட அது ஆடுகிறதா என்று பாருங்கள். ஐடிலிங்கில் ஒரே சீராக விட்டு விட்டுத் துடித்தால் ஒரு வால்வு ஒழுகுகிறது.

மூன்றாம் படி: இக்னிஷன்

எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று முதலில் கண்டுபிடியுங்கள். ஐடிலிங்கில் ஓடும்போது காப்பிட்ட பிளையரால் பிளக் வயர்களை ஒவ்வொன்றாக எடுத்து எஞ்சின் பாடியில் எர்த் ஆகும்படி பிடியுங்கள். அந்தரத்தில் விட்டால் காயிலும் ரோட்டாரும் அடி வாங்கும். எடுத்ததும் எஞ்சின் தள்ளாடினால் அந்த சிலிண்டர் வேலை செய்துகொண்டிருந்தது. எடுத்தும் மாற்றமே இல்லையென்றால் அதுதான் சோம்பேறி. அதன் பிளக்கைப் பக்கத்து சிலிண்டருக்கு மாற்றுங்கள். கோளாறு பிளக்கோடு போனால் பிளக், போகாவிட்டால் வயரை மாற்றிப் பாருங்கள், அதற்கும் போகாவிட்டால் டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பில் கீறல் இருக்கிறதா என்று தேடுங்கள்.

பிளக் இடைவெளி 0.025 அங்குலம் (0.64 மி.மீ.). பாயிண்ட் இடைவெளி 0.014 முதல் 0.016 அங்குலம் (0.35 முதல் 0.40 மி.மீ.). பாயிண்டின் ஃபைபர் குதிகால் தேயத் தேய இடைவெளி சுருங்கும், டைமிங்கும் (பிளக்கில் பொறி விழும் நேரம்) தானாகவே பின்வாங்கும். "போன மாசம்தான் டியூன் பண்ணினோம், இப்ப இழுவை இல்ல" என்ற புகாருக்கு முக்கால்வாசி இதுதான் விடை. கேமின் மேல் கடுகளவு கிரீஸ் வைக்க மறந்தால் இது சீக்கிரமே நடக்கும். அதிகமாக வைத்தால் பாயிண்ட் முகத்தில் தெறித்து மிஸ்ஸிங் வரும்.

நான்கு கேம் முனையிலும் தனித்தனியாக இடைவெளியை அளந்து பாருங்கள். முனைக்கு முனை அளவு மாறினால், அல்லது ரோட்டாரைப் பிடித்து ஆட்டும்போது ஷாஃப்ட் பக்கவாட்டில் ஆடினால், டிஸ்ட்ரிபியூட்டர் புஷ் தேய்ந்துவிட்டது. இந்த நிலையில் பாயிண்ட் எத்தனை முறை மாற்றினாலும் ஐடிலிங் நிற்காது. நல்ல லேத் பட்டறையில் புஷ் கடைந்து போட்டுக்கொள்ளலாம்.

பலர் கவனிக்காத இடம் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் இரண்டு சின்ன வயர்கள். ஒன்று பாயிண்டுக்கு வருவது, மற்றது பேஸ்பிளேட்டை எர்த் செய்யும் பின்னல் வயர். வாக்குவம் அட்வான்ஸ் (எஞ்சினின் உறிஞ்சலுக்கு ஏற்ப டைமிங்கை முன்தள்ளும் அமைப்பு) வேலை செய்யும்போதெல்லாம் பிளேட் நகர்கிறது, அதோடு இந்த வயர்களும் வளைகின்றன. பல ஆண்டுகளில் உறைக்குள்ளேயே அறுந்துபோகும், வெளியே பார்த்தால் முழுசாகத் தெரியும். வண்டி நிற்கும்போது நன்றாக ஓடி, ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதும் விடும்போதும் மட்டும் வெட்டினால் இதைச் சந்தேகியுங்கள். சோதனை எளிது: ஐடிலிங்கில் வாக்குவம் குழாயை கார்புரேட்டரிலிருந்து கழற்றி வாயால் உறிஞ்சுங்கள். எஞ்சின் வேகம் ஏற வேண்டும், நாக்கால் அடைத்தால் ஏறிய இடத்திலேயே நிற்க வேண்டும். ஏறாவிட்டால் டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது. உறிஞ்சும்போது எஞ்சின் வெட்டினால் வயர்.

பாயிண்டுக்குக் கீழே இருக்கும் சென்ட்ரிஃப்யூகல் வெயிட்டுகள் (வேகம் கூடும்போது விரிந்து டைமிங்கை முன்தள்ளும் எடைகள்) நம் பொருளுக்கு ரொம்ப முக்கியம். துருப்பிடித்து விரிந்த நிலையிலேயே மாட்டிக்கொண்டால், காலை எடுத்த பிறகும் எஞ்சின் வேகம் உடனே இறங்காது. அடுத்த கியருக்குத் தள்ளும்போது கரகரப்பு வரும். ரோட்டாரை அது சுழலும் திசையில் விரலால் திருப்பி விடுங்கள், ஸ்ப்ரிங் இழுத்துக்கொண்டு சட்டென்று திரும்ப வேண்டும். சோம்பலாகத் திரும்பினால் சுத்தம் செய்து இரண்டு சொட்டு ஆயில் விடுங்கள். கியர்பாக்ஸ் பழுது என்று எழுதப்பட்ட வண்டிகளில் சில இதோடு சரியாகிவிடும்.

கண்டென்சர் போனால் பாயிண்டில் நீலப் பொறி பலமாகத் தெறிக்கும், முகம் ஒரு பக்கம் குழியும் மறுபக்கம் மேடும் ஆகும். சூட்டில் மட்டும் கைவிடும் கண்டென்சரும் உண்டு, ஆறினால் மறுபடி ஒழுங்காக ஓடும். பாலாஸ்ட் (தனி மின்தடை) இல்லாத 12 வோல்ட் காயிலின் பிரைமரி சுமார் 3 ஓம் காட்டும். பாயிண்ட் மூடியிருக்கும்போது அதன் குறுக்கே 0.2 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் பாயிண்டிலோ எர்த்திலோ தடை இருக்கிறது. மழை, பனிமூட்ட நாட்களில் ஏற்காட்டில் காலையில் மட்டும் வரும் மிஸ்ஸிங்குக்கு இருட்டில் பானட்டைத் திறந்து பாருங்கள், வயர்களிலும் கேப்பிலும் மினுக் மினுக்கென்று பொறி ஓடும்.

டைமிங் வைப்பதற்கு டைமிங் லைட் இல்லாவிட்டாலும் பல்பு போதும்.

1. பிளக்குகளைக் கழற்றி, வண்டியை டாப் கியரில் போட்டு மெதுவாகத் தள்ளி, முதல் சிலிண்டரைக் கம்ப்ரஷன் முடிவுக்குக் கொண்டுவாருங்கள். பிளக் துளையில் கட்டைவிரல் வைத்தால் காற்று தள்ளுவது தெரியும்.
2. கிராங்க் புல்லியின் வெட்டை, கையேடு சொல்லும் டிகிரிக்கு நேராக நிறுத்துங்கள்.
3. பல்பின் ஒரு வயரை காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் முனையிலும் மற்றதை எர்த்திலும் மாட்டி, இக்னிஷனை ஆன் செய்யுங்கள்.
4. டிஸ்ட்ரிபியூட்டரைத் தளர்த்தி மெதுவாகத் திருப்புங்கள். பல்பு எரியத் தொடங்கும் அந்த நொடிதான் பாயிண்ட் திறக்கும் இடம். அங்கேயே முறுக்குங்கள்.

இந்த எஞ்சினில் ரோட்டார் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுழல்கிறது. 1-3-4-2 வயர்களையும் அதே திசையில் போடுங்கள்.

நான்காம் படி: பெட்ரோல், காற்று

கார்புரேட்டருக்கு வரும் குழாயைக் கழற்றி பாட்டிலுக்குள் விட்டு ஸ்டார்ட்டரைச் சுற்றினால் பம்ப் நல்ல வேகத்தில் விட்டு விட்டுப் பீய்ச்ச வேண்டும். எஞ்சின் ஆறியிருக்கும்போது, காயில் வயரைக் கழற்றிவிட்டு, திறந்த வெளியில் மட்டும் இதைச் செய்யுங்கள். பிடித்த பெட்ரோலை மூடி ஓர் இரவு வையுங்கள். அடியில் தனி அடுக்காகத் தண்ணீர் நின்றால் டேங்கைக் கழுவ வேண்டியதுதான். வண்டி ஓடி ஓடித் திணறி, டேங்க் மூடியைத் திறந்ததும் 'உஸ்' என்று காற்று இழுத்தால் மூடியின் காற்றுத்துளை அடைத்திருக்கிறது.

இப்போது பெட்ரோல் பங்க்குகளில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். இது இரண்டு வகையில் பழைய வண்டியைப் பாதிக்கிறது. பழைய ரப்பர் குழாய், பம்ப் டயாஃப்ரம், கார்க் கேஸ்கெட் ஆகியவை இளகிப் பிசுபிசுத்து கார்புரேட்டரின் ஜெட்டை (பெட்ரோல் வரும் நுண்துளை) அடைக்கும். எத்தனால் தாங்கும் குழாயும் டயாஃப்ரமும் போட்டுவிடுங்கள், இதில் சிக்கனம் பார்த்தால் தீ விபத்தில் போய் முடியலாம். இரண்டாவது, கலவை. சுத்தமான பெட்ரோல் ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று வேண்டும், இந்தக் கலப்புப் பெட்ரோலுக்குச் சுமார் 13.5 போதும். பழைய செட்டிங்கில் இதை ஊற்றினால் கலவை ஏறக்குறைய 8 சதவீதம் வறண்டுபோகிறது, அதாவது காற்றுக்குப் பெட்ரோல் போதாது.

இங்கேதான் மலை உதவுகிறது. உயரம் ஏற ஏறக் காற்று மெலிந்து, அதே ஜெட்டில் கலவை செழிப்பாகும். ஏற்காடு சேரும்போது அது சுமார் 6, 7 சதவீதம். ஆகவே சேலத்தில் கார்புரேட்டர் வழியாகத் தும்மி, மிதித்ததும் தயங்கி, ஏற்காட்டில் ஐடிலிங் அழகாக நிற்கும் வண்டிக்குக் கீழே கலவை வறண்டிருக்கிறது என்று பொருள். சேலத்தில் நன்றாக ஓடி, மேலே போனதும் கரும்புகை விட்டு, பிளக் கரி பிடித்துத் தள்ளாடினால் கீழேயே கலவை கூடுதல். மேலே நன்றாக ஓடட்டும் என்று ஏற்காட்டில் வைத்து ஸ்க்ரூவைக் குறைத்துவிட்டு இறங்கினால், சேலம் வெயிலில் எஞ்சின் சுடும், தட்டும். கார்புரேட்டரை எப்போதும் சேலத்தில் வைத்தே செட் செய்யுங்கள்.

எஸ்.யு. கார்புரேட்டர் (உள்ளே பிஸ்டன் ஏறி இறங்கும் வகை) என்றால் முதலில் பிஸ்டனைப் பாருங்கள். டாம்பரை (ஆயிலில் நின்று பிஸ்டனின் வேகத்தை அடக்கும் தண்டு) கழற்றி, பிஸ்டனை விரலால் முழுக்கத் தூக்கி விட்டால் தடையில்லாமல் விழுந்து 'டக்' என்ற சத்தம் வர வேண்டும். வராவிட்டால் ஜெட் மையம் விலகியிருக்கலாம், அல்லது அறையில் அழுக்கு. டாம்பரில் ஆயில் வற்றியிருந்தால் மிதித்ததும் எஞ்சின் தயங்கும். டாம்பரை உள்ளே இறக்கும்போது மூடி உட்கார இன்னும் கால் அங்குலம் இருக்கையிலேயே கைக்கு எதிர்ப்பு தெரிந்தால் அளவு சரி. கலவைக்கு: சூடான எஞ்சின் ஐடிலிங்கில் இருக்கும்போது பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தூக்குங்கள். வேகம் ஏறி ஏறினபடியே நின்றால் கலவை கூடுதல். எஞ்சின் உடனே நிற்கப்போனால் வறட்சி. லேசாக ஏறித் திரும்பினால் சரி.

ஃபிக்சட் ஜெட் உள்ள சோலெக்ஸ் வகையில் ஐடிலிங் மட்டும் கெட்டு ஓட்டத்தில் நன்றாக இருந்தால் பைலட் ஜெட் அடைப்பு. ஊதிச் சுத்தம் செய்யுங்கள், கம்பி விட்டுக் குத்தாதீர்கள், துளை பெரிதாகிவிடும். மிதித்த முதல் நொடி மட்டும் தயக்கம் என்றால் ஆக்சிலரேட்டர் பம்ப்.

காற்று எடுக்கும் (வெளிக்காற்று உள்ளே கசியும்) இடங்கள்: மேனிஃபோல்ட் கேஸ்கெட், கார்புரேட்டர் ஃபிளான்ஜ், தேய்ந்த த்ராட்டில் ஷாஃப்ட். இந்த எஞ்சினில் இன்லெட்டும் எக்ஸாஸ்ட்டும் ஒரே பக்கம் இருப்பதால் கார்ப் கிளீனர் ஸ்ப்ரே அடித்துச் சோதிப்பது ஆபத்து. தண்ணீர் ஸ்ப்ரே போதும், பட்ட இடத்தில் எஞ்சின் குரல் மாறினால் அங்கேதான் ஓட்டை. காற்று எடுக்கும் வண்டியில் ஐடிலிங் நிற்காததால் த்ராட்டில் ஸ்க்ரூவை ஏற்றி வைத்திருப்பார்கள். எஞ்சின் வேகம் கூடுதலாக நிற்கும்போது ரிவர்ஸும் ஃபர்ஸ்ட்டும் கத்தாமல் விழாது. ஐடிலிங்கை 600, 700 சுற்றுக்குள் நிம்மதியாக நிறுத்த முடிந்த பிறகே கியரைப் பற்றிப் பேசவேண்டும்.

ஐந்தாம் படி: கிளட்ச், லிங்கேஜ், மவுண்டிங்

எஞ்சின் நிற்கும்போது எல்லா கியரும் சுலபமாக விழுந்து, ஓடும்போது மட்டும் முரண்டு பிடித்தால் கிளட்ச் முழுதாக விடவில்லை. உறுதிசெய்ய: சமதரையில், ஐடிலிங்கில், பெடலை முழுக்க மிதித்து ஐந்து நொடி காத்திருந்து ரிவர்ஸ் போடுங்கள். சத்தமில்லாமல் விழ வேண்டும். கத்தினால், மாஸ்டர் சிலிண்டர் உள்ள (ஹைட்ராலிக் கிளட்ச்) வண்டியில் ஒருவரைப் பெடலை மிதித்தபடியே வைத்துக்கொண்டு கீழே ஸ்லேவ் சிலிண்டரின் தண்டைப் பாருங்கள். ஒரு நிமிடத்தில் தண்டு மெல்லப் பின்வாங்கினால் உள் வாஷர் விடுகிறது. நகர்வே குறைவு என்றால் கிளட்ச் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றுங்கள், பெடல் பின்னின் தேய்மானத்தையும் பாருங்கள். கேபிள் அல்லது ராட் வகையில் ஃப்ரீ பிளேயைக் (பெடலின் வெற்று நகர்வு) கையேட்டின்படி வையுங்கள். இதெல்லாம் சரியாக இருந்தும் இழுத்துக்கொண்டே இருந்தால் ஃப்ளைவீல் நடுவில் இருக்கும் ஸ்பிகாட் புஷ் கடித்திருக்கலாம். அது கிராங்கையும் கியர்பாக்ஸ் ஷாஃப்ட்டையும் சேர்த்தே சுற்றவைக்கும்.

கிளம்பும்போது மட்டும் வண்டி நடுங்கினால் கிளட்ச் பிளேட்டில் ஆயில். இந்த எஞ்சினின் பின்பக்க கிராங்குக்கு ரப்பர் சீல் கிடையாது, திருகு வெட்டு ஒன்றுதான் ஆயிலை உள்ளே திருப்பி அனுப்புகிறது. பிரீதர் குழாய் (எஞ்சினுக்குள் சேரும் புகை வெளியேறும் வழி) அடைத்து உள்ளே அழுத்தம் கூடினால் ஆயில் அந்த வழியாகத் தள்ளிக்கொண்டு வரும். மலையில் முகம் மேலே பார்க்க நிறுத்தினாலும் பின்னால் ஒழுகும். பெல் ஹவுசிங்கின் அடியில் பிளவு பின் தொங்கும் துளையில் சொட்டு நிற்கிறதா பாருங்கள். பிளேட்டை மாற்றுவதற்கு முன் பிரீதரைச் சுத்தம் செய்யுங்கள், இல்லையென்றால் புதுப் பிளேட்டும் அதே கதிதான்.

மவுண்டிங் ரப்பரைச் சோதிக்க சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஹேண்ட் பிரேக் இழுத்து, பிரேக்கை மிதித்தபடி செகண்ட் கியரில் கிளட்சை லேசாகக் கடிக்க விடுங்கள். இன்னொருவர் பக்கவாட்டில் நின்று பார்க்கட்டும், வண்டிக்கு முன்னால் யாரும் நிற்கக் கூடாது. எஞ்சின் ஓர் அங்குலத்துக்கு மேல் தூக்கிக்கொண்டால் ரப்பர் கிழிந்திருக்கிறது. எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒன்றாக ஆடுவதால் கியர் நழுவுவதுபோலவே தெரியும்.

ஸ்டியரிங் தண்டிலேயே கியர் லீவர் உள்ள வண்டிகளில் லிங்கேஜ் தனி அத்தியாயம். எஞ்சினை நிறுத்திவிட்டு ஒருவர் லீவரை அசைக்க, இன்னொருவர் கியர்பாக்ஸ் பக்கத்துக் கையை (லீவரோடு சேர்ந்து அசையும் சிறு தண்டு) பார்க்க வேண்டும். லீவர் நகர்ந்து கொஞ்ச நேரம் கழித்தே கை நகர்ந்தால் நடுவில் எங்கோ புஷ் தேய்ந்திருக்கிறது. ஒவ்வொரு மூட்டாக விரல் வைத்துத் தேடுங்கள். கியர் பாதிதான் உள்ளே போகிறது, பளு ஏறியதும் வெளியே வந்துவிடுகிறது என்ற புகார் பல நேரம் இந்த இரண்டு மூன்று புஷ்ஷோடு முடிந்துபோகும்.

மிதிக்கும்போதும் விடும்போதும் 'டொக்' என்று ஒரே ஒரு அடி கேட்டால் பின்பக்கம் போங்கள். சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, நியூட்ரலில், ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டைக் கையால் முறுக்குங்கள். கிராஸில் (ஷாஃப்ட் முனையிலுள்ள மூட்டு) விரலுக்குத் தெரிகிற ஆட்டம் இருந்தாலே மாற்ற வேண்டும். கழற்றும் முன் இரண்டு ஃபிளான்ஜிலும் கோடு போடுங்கள், அதே கோட்டில் திருப்பி மாட்டாவிட்டால் புது அதிர்வு கிளம்பும். பிளேட் ஸ்ப்ரிங்கைப் பிடிக்கும் யூ போல்ட்டு தளர்ந்திருந்தாலும் இதே அடி கேட்கும். கிரவுன் பினியன் (பின் அச்சிலுள்ள கியர் ஜோடி) ஆட்டத்தைக் கடைசியில் பாருங்கள்.

ஆறாம் படி: அடிவாரத்திலிருந்து மேலே

அஸ்தம்பட்டி, கோரிமேடு வழியாக அடிவாரம் வரையிலான சாலையில் எஞ்சினைச் சூடாக்கிக்கொண்டு, எல்லா கியரும் ஒரு முறை போட்டுப் பாருங்கள். அதிகாலை நல்லது. பேருந்து நெரிசலில் காது வேலை செய்யாது.

ஏறும்போது டாப்பிலிருந்து தேர்டுக்கு இறங்கி, முழுக்க மிதித்துக் கேளுங்கள். சில்லறையை டப்பாவில் குலுக்குவது மாதிரி சத்தம் வந்தால் டைமிங் முந்தியிருக்கிறது, ஓரிரு டிகிரி பின்வாங்குங்கள். சத்தமே இல்லாமல் இழுவையும் இல்லாவிட்டால் பின்தங்கியிருக்கிறது. எஞ்சின் வேகம் ஏறி வண்டி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது, அங்கேயே திரும்பிவிடுங்கள்.

கொண்டை ஊசிக்கு முன்பே செகண்ட் போட்டுவிட வேண்டும், வளைவின் நடுவில் அல்ல. இந்தக் கியர்பாக்ஸில் ஃபர்ஸ்ட்டுக்கு சிங்க்ரோ (கியர்களின் வேகத்தைச் சமப்படுத்திச் சத்தமில்லாமல் சேர்க்கும் அமைப்பு) கிடையாது. ஓடும்போது ஃபர்ஸ்ட் போட்டால் கத்துவது பழுதல்ல, அதன் அமைப்பே அப்படி. நகர்ந்துகொண்டே போட வேண்டுமானால் டபுள் கிளட்ச்: கிளட்ச் மிதித்து நியூட்ரல், கிளட்சை விட்டு ஆக்சிலரேட்டருக்கு ஒரு தட்டு, மறுபடி கிளட்ச், ஃபர்ஸ்ட். இப்படிச் செய்தால் செகண்டும் சத்தமில்லாமல் விழுகிறது, சாதாரணமாகப் போட்டால் கத்துகிறது என்றால் செகண்ட் சிங்க்ரோ ரிங் தேய்ந்துவிட்டது. டபுள் கிளட்ச் செய்தும் கத்தினால் மறுபடி கிளட்சுக்குப் போங்கள்.

வழியில் நின்றுவிட்டால் முதல் இரண்டு நிமிடம் பொன்னானது, ஆறிவிட்டால் சாட்சி போய்விடும். காயிலின் நடு வயரை கேப்பிலிருந்து எடுத்து, பெட்ரோல் கசிவு இல்லை என்று பார்த்த பிறகு, காப்பிட்ட பிளையரால் எஞ்சின் பாடியிலிருந்து 6 மி.மீ. தள்ளிப் பிடித்து ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். கொழுத்த நீலப் பொறி வந்தால் இக்னிஷன் பிழைத்தது, பெட்ரோல் ஆவியாகிக் குழாயில் அடைத்திருக்கிறது. பம்பின் மேல் ஈரத்துணி போட்டுக் கால் மணி நேரம் காத்திருங்கள், ஊருக்கு வந்து குழாயை எக்ஸாஸ்டிலிருந்து விலக்கிக் கட்டி, ஹீட் ஷீல்டு இருக்கிறதா என்று பாருங்கள். பொறி மெலிந்தோ இல்லாமலோ இருந்தால் கண்டென்சர் அல்லது காயில். டிக்கியில் வைத்த பழைய கண்டென்சர் இப்போது உதவும்.

இறக்கத்தில் செகண்டில் காலை எடுத்து, எஞ்சின் பிடித்து நிறுத்தும்படி வாருங்கள். நியூட்ரலில் உருட்டாதீர்கள். கியர் தானாகக் குதித்து வெளியே வருவது இங்கேதான் வெளிப்படும். கையால் பிடித்துக்கொண்டு ஓட்டுவது ஆபத்து. வளைவு முடிந்து மறுபடி மிதிக்கும்போது நீலப்புகை வந்தால் வால்வு கைடு தேய்ந்திருக்கிறது. சைலன்சரில் பட்பட்டென்று வெடித்தால் எக்ஸாஸ்ட் இணைப்பில் காற்று எடுக்கிறது, அல்லது கலவை வறட்சி.

கடைசியாகக் கியர்பாக்ஸ்

ஊருக்குத் திரும்பியதும் சூடாக இருக்கும்போதே கியர் ஆயிலை சுத்தமான வெள்ளைத் தட்டில் வடியுங்கள். பொன்னிறத் தூள் மினுங்கினால் சிங்க்ரோ ரிங் தேய்மானம், காந்தத்தில் ஒட்டும் எஃகுத் துணுக்கு என்றால் பல் அல்லது பேரிங். இரண்டும் இல்லாமல் ஆயில் மட்டும் குறைந்திருந்தால் நிரப்பி மறுபடி ஓட்டிப் பாருங்கள். கையேடு சொல்லும் தடிமனில் போடுங்கள். கியர் ஆயில்தான் என்றால் ஜி.எல்.-4 ரகம். ஜி.எல்.-5ல் உள்ள கந்தகச் சேர்மானம் பித்தளை ரிங்கை அரிக்கும், வழவழப்பு கூடுதலாக இருப்பதால் சிங்க்ரோ பிடிக்கவும் பிடிக்காது.

இறக்கித்தான் ஆகவேண்டும் என்ற முடிவுக்கு வந்தால், இறக்கிய பிறகு மறுபடி தொட வேண்டாதபடி செய்யுங்கள்: கிளட்ச் பிளேட், கார்பன் ரிலீஸ் பேரிங், ஸ்பிகாட் புஷ், பின்பக்க மவுண்டிங் ரப்பர், கியர்பாக்ஸின் பின் ஆயில் சீல், குதிக்கும் கியருக்கான டிடென்ட் ஸ்ப்ரிங்கும் குண்டும் (கியரை அதன் இடத்தில் பிடித்துவைப்பவை). ஃப்ளைவீல் முகத்தில் நீலம் பாய்ந்த புள்ளிகளோ மயிரிழை வெடிப்போ இருந்தால் லேத்தில் கொடுத்து முகம் எடுத்துவிடுங்கள். புது பிளேட்டை மாட்டும்போது கிரீஸ் பட்ட விரலால் தொடாதீர்கள். ஏற்றிய முதல் சில நூறு கிலோமீட்டர் மலைப்பாதையைத் தவிர்த்து ஊருக்குள் ஓட்டி, கிளட்ச் ஃப்ரீ பிளேயை மறுபடி ஒருமுறை அளந்து சரிசெய்யுங்கள்.